போஸ்டரில் இல்லாத பூட்ஸ்

அந்தப் படத்தை நீங்க கண்டிப்பா பார்த்திருப்பீங்க. பெரிய மீசை, ராணுவத் தொப்பி, நேரா நம்ம மூஞ்சியைப் பார்த்து நீட்டின விரல். 1914-ல் ஒரு லண்டன் வார இதழின் அட்டைக்காக ஆல்ஃபிரட் லீட் வரைந்தது. படத்தில் இருப்பவர் அப்போதைய பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்சனர். 'உன்னைத்தான் நாடு கூப்பிடுது, பட்டாளத்தில் சேர்' என்பது சேதி. 1917-ல் அமெரிக்கா அதே விரலை அங்கிள் சாமுக்குக் கொடுத்தது. இன்னிக்கு நம்ம சிம்போசியம் போஸ்டரில்கூட அதே விரல்தான்.

சரி, அந்த விரலைப் பார்த்துப் பட்டாளத்துக்குப் போனவன் காலில் என்ன இருந்தது?

பூட்ஸ். அந்த பூட்ஸின் மேல்பாகத்துக்கு, அதாவது ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் 'அப்பர்'னு சொல்றாங்களே அதுக்கு, பெரிய அளவில் போனது சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட மாட்டுத்தோல். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு எல்லாம் அந்தத் தொழில் நடந்த ஊர்கள். 1916-ல் அரசாங்கமே இந்தத் தோல் வியாபாரத்தைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்து, விலையையும் தானே நிர்ணயித்து, ராணுவத்துக்காக வாங்கியது. சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்னு வேலை செஞ்சவங்களை எந்த போஸ்டரும் வரையலை.

நான் சொல்ல வர்றது இதுதான். போர்க்காலப் பிரச்சாரம்னா பொய்னு நாம நினைக்கிறோம். கிச்சனர் போஸ்டரில் பொய்யே கிடையாது. நாட்டுக்கு ஆள் தேவைப்பட்டது நிஜம். எதைக் காட்டணும், எதை விடணும்னு முடிவு பண்றதுலதான் அதோட வேலையே இருக்கு. விரல் இருக்கும், வீரம் இருக்கும். சேறு, பிணம், செலவுக் கணக்கு, பின்னாடி உழைச்சவங்க யாரும் இருக்க மாட்டாங்க. முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து 10 லட்சத்துக்கும் அதிகமானவங்க கடல் கடந்து போனாங்க. 70,000-க்கும் மேல் திரும்பி வரலை. அந்தக் கணக்கை வெச்சு யாராவது ஆள் சேர்ப்பாங்களா?

விட்டுப்போனதை யாராவது எடுத்துச் சொன்னா என்ன ஆகும்? அதுக்கும் பதில் வேலூரிலேயே இருக்கு. இரண்டாம் உலகப் போர் நேரம். சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப் யுத்த நிதிக்குப் பணம் திரட்டிக்கிட்டு இருந்தார். 'நம்மைக் கேக்காம நம்ம பேரில் நடத்துற போருக்கு ஏன் பணம் கொடுக்கணும்?' என்பது காங்கிரஸின் கேள்வி. நிதி கொடுக்காதீங்கன்னு ஊர் ஊராப் போய்ப் பேசினார் காமராஜர். 1940 டிசம்பரில், இந்தியப் பாதுகாப்பு விதிகளின்படி கைது பண்ணி, கொண்டுவந்து வெச்ச இடம் வேலூர் சிறை. உள்ளே இருக்கும்போதே அவரை விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தாங்க என்பது தனிக் கதை. அடுத்த தடவை பஸ்ஸில் தொரப்பாடி தாண்டும்போது நினைச்சுப் பாருங்க. போஸ்டரும் ஜெயிலும் ஒரே வேலையோட ரெண்டு பாதி. ஒண்ணு ஒரு பக்கத்தைக் காட்டும், இன்னொண்ணு மறுபக்கத்தை மூடும்.

அது வெள்ளைக்காரன் காலம்னு தள்ளிவிடாதீங்க. 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் நடந்த அந்த நாலு நாள் ஞாபகம் இருக்கா? 'ஆர்மா 3' வீடியோ கேம் காட்சியைப் போர்க்காட்சின்னு ரெண்டு நாட்டுலயும் சுத்தவிட்டாங்க. ராத்திரி பூரா கேம் ஆடுற நம்மாளுங்களே அதை நம்பி ஃபார்வர்ட் பண்ணினதுதான் கொடுமை. இன்னொரு பக்கம், இந்தியாவில் 8,000-க்கும் அதிகமான கணக்குகளை முடக்கச் சொல்லி உத்தரவு வந்திருக்குன்னு எக்ஸ் நிறுவனமே அறிவிச்சது. போஸ்டர், ஜெயில், ரெண்டுமே வேற உருவத்தில் வந்தாச்சு. ஒரே வித்தியாசம், அன்னிக்கு அச்சடிக்க அரசாங்கத்துக்கு பிரஸ் வேணும். இன்னிக்கு பிரஸ் நம்ம பாக்கெட்டிலேயே இருக்கு, சம்பளம் இல்லாம ஓட்டுறதும் நாமதான்.

'நாடு போரில் இருக்கும்போது கேள்வி கேக்கலாமா? ராணுவ வீரனோட மனசு உடையாதா?' நியாயமான கேள்வி. ஆனா வேலூர் மாவட்டம் பட்டாளத்துக்காரங்க நிறைஞ்ச மாவட்டம். கம்மவான்பேட்டைக்கு 'ராணுவப்பேட்டை'ன்னே இன்னொரு பேர் உண்டு. என் ஹாஸ்டல் நண்பன் ஒருத்தனோட அண்ணன் அப்போ எல்லையில் இருந்தார். ஏதோ ஒரு போஸ்ட் போயிடுச்சுன்னு கிளாஸ் குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. விடியற வரைக்கும் அவன் ஃபோனைக் கீழே வைக்கலை. காலையில அண்ணனே கூப்பிட்டார், அந்த வீடியோவும் பொய்னு தெரிஞ்சது. அதை அனுப்பினவன் 'ஜெய் ஹிந்த்'னு போட்டுத்தான் அனுப்பியிருந்தான். இப்போ சொல்லுங்க, வீரனோட குடும்பத்தை உடைச்சது கேள்வி கேட்டவனா, கேக்காம அனுப்பினவனா?

அதே வாரம் இன்னொரு வகை ஃபார்வர்டும் வந்தது, 'உள்ளூர் எதிரி' யாருன்னு சொல்ற வகை. இந்துவும் முஸ்லிமும் ஒரே டேனரியில், ஒரே ஷூ கம்பெனியில் பக்கத்துப் பக்கத்துல உக்காந்து வேலை செய்ற ஊர் நம்ம ஊர். அந்த மெசேஜோட அடி இங்கே யார்மேல விழும்னு தனியா சொல்ல வேண்டியதில்லை.

அதனால உங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை ரத்தம் சூடேத்துற படம் ஒண்ணு வந்தா, விரலை ஃபார்வர்ட் பட்டன்ல வைக்கிறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. இது எங்கேயிருந்து வந்தது? இந்தப் படத்தில் யாரை விட்டுட்டாங்க? நான் அனுப்பினா யார் வீட்டுல விளக்கு அணையாம இருக்கும்? பதில் தெரியலைன்னா, குரூப்பிலேயே 'சோர்ஸ் என்ன மச்சி?'ன்னு போடுங்க. ஒருத்தன் தேசத்துரோகின்னு திட்டுவான். திட்டிட்டுப் போகட்டும். ரெண்டு பேர் அனுப்பாம நிறுத்துவாங்க, அது போதும்.