விதி வகுக்கும் சீட்டு!

78 சீட்டுகள்! கலைத்துப் பரப்பினால் வருங்காலம் வாய் திறக்குமாம்! 'டாரட்' என்பது இந்த வித்தையின் பெயர். மேலைநாட்டு மடமை என்பதற்காக அதற்கு மரியாதை காட்ட நம்மால் இயலாது.

15-ஆம் நூற்றாண்டிலே வட இத்தாலியச் சீமான்கள் பொழுதுபோக்க ஆடிய ஆட்டம் அது. 1781-இல் கூர் த ஜெபெலின் என்ற பிரெஞ்சுக்காரர், இது எகிப்தியரின் மறைநூல் என்று எழுதினார். எகிப்தியரின் சித்திர எழுத்துக்குச் சாம்போலியன் பொருள் கண்டதோ 1822-இல்! படிக்கத் தெரியாத மொழியின் பெயரால் மறைநூல். மறைநூலின் பெயரால் ஏமாற்று. கேட்ட கதைபோல இல்லையா, தோழர்களே?

இப்போதோ, சீட்டைப் பரப்பும் முறையையும் அவரவரே வகுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். முதல் இடம் என் அச்சம், அடுத்த இடம் என் காதல், மூன்றாவது நான் செய்யவேண்டியது—இப்படி! கேள்வியைத் தீட்டியவர் அவரே. இடத்துக்குப் பொருள் தந்தவர் அவரே. விழுந்த படத்துக்கு உரை சொல்பவரும் அவரே. விதிக்கு இங்கே என்ன வேலை?

மணத்தை முறிப்பதா, பொறுப்பதா என்று நள்ளிரவிலே தவிக்கிறாள் ஒரு பெண். 'தொங்கும் மனிதன்' விழுகிறது. பொறுத்திரு என்று பொருளாம். அவளோ மீண்டும் கலைக்கிறாள்! கலைத்த அந்தக் கணமே அவள் உள்ளம் விடை பகர்ந்துவிட்டது. அதைத் தன் வாயால் சொல்லும் உரிமையை அல்லவா சீட்டு பறித்துக்கொள்கிறது!

'மனத்தைத் தெளிவிக்கும் கருவிதானே' என்று மழுப்புவோர் உண்டு. நல்லது. அதே கேள்விகளை வெள்ளைத் தாளில் எழுதி, விடையையும் எழுதட்டும். நாம் தடுக்கவா போகிறோம்?