முதலில் எலி, பிறகுதான் பூதம்



வேலை முடிந்து வீடு திரும்பினால் மகன் கைப்பேசியும் கையுமாக மூலையில் உட்கார்ந்திருக்கிறான், சாப்பிடக் கூப்பிட்டால் "இருங்கம்மா, சண்டையில இருக்கேன்" என்கிறான் என்பது இன்று பல தாய்மார்களின் குறை. யாரோடு சண்டை, எதற்குச் சண்டை என்று கேட்டால் அவன் சொல்வது நமக்கு விளங்குவதும் இல்லை. விளையாட்டு நல்லதா கெட்டதா என்ற வழக்கை இன்று நாம் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. அந்த விளையாட்டு முதல் நாளில் நம் பிள்ளைக்கு எதைக் கற்றுக்கொடுக்கிறது, எதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது என்பதை மட்டும் பார்ப்போம்.

திருவிழா நாடகத்தில் ஒருவர் ராஜா வேடம் கட்டுவார், இன்னொருவர் மந்திரியாக வருவார் அல்லவா? அதுபோல ஆளுக்கொரு வேடம் ஏற்று, ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் ஒரே கற்பனை நாட்டில் உலவுவதுதான் இந்த இணைய விளையாட்டு. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரு மாணவர்கள் தொடங்கி வைத்தது. அப்போது அதில் படமே கிடையாது. எல்லாம் எழுத்துதான். வடக்கே போக வேண்டுமென்றால் வடக்கு என்று தட்ட வேண்டும்.

படங்களோடு வந்த பிறகும் புதியவர் பாடு திண்டாட்டமாகவே இருந்தது. 1999இல் வெளிவந்த 'எவர்குவெஸ்ட்' விளையாட்டில் ஒருவன் காட்டில் மிருகத்திடம் அடிபட்டு இறந்தால், அவனுடைய உடுப்பும் ஆயுதமும் பிணத்தோடு அங்கேயே கிடக்கும். அவன் வெறும் உடம்போடு வேறோர் இடத்தில் உயிர்த்தெழுந்து, அதே மிருகம் காத்திருக்கும் இடத்துக்கு ஓடிப்போய் எடுத்து வர வேண்டும். பட்டுத் தெரிந்துகொண்ட அந்தக் கால ஆட்டக்காரர்கள் இதைப் பெருமையாகப் பேசுவதுண்டு. இதில் என்ன பெருமை இருக்கிறதோ!

பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. புது ஆளிடம் நல்ல இளமரத்து நிரையை எந்தக் கங்காணியாவது ஒப்படைப்பாரா? அழிக்கப் போகிற கிழட்டு மரத்தில்தான் கத்தி பிடிக்கப் பழகவிடுவார்கள். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். கத்தி ஆழப் போய்க் கட்டையில் காயம் பட்டால், அந்த இடம் முண்டு முண்டாகப் புடைத்து, பின்னால் அங்கே ஒழுங்காக வெட்ட முடியாமல் போய்விடும். கிழட்டு மரத்தில் அந்தப் பிழை நடந்தால் யாருக்கும் நட்டமில்லை.

விளையாட்டிலும் அப்படியொரு கிழட்டு மரம் வேண்டும். அதை நன்றாக அமைத்தவர்கள் 'ரூன்ஸ்கேப்' விளையாட்டுக்காரர்கள். இங்கிலாந்தின் கோவர் சகோதரர்கள் 2001இல் வெளியிட்டது இது. அதன் பழைய வடிவம் 2018 அக்டோபர் முதல் கைப்பேசியிலும் கிடைக்கிறது. புதிதாகச் சேர்கிறவர் நேரே நாட்டுக்குள் நுழைய முடியாது. முதலில் ஒரு பயிற்சித் தீவில் இறக்கிவிடுவார்கள். அங்கே ஒருவர் வலையைக் கொடுத்து இறால் பிடிக்கச் சொல்வார். மரம் வெட்டி, தீ மூட்டி, அந்த இறாலைச் சுட வேண்டும். அடுத்த வீட்டில் மாவு பிசைந்து ரொட்டி சுட வேண்டும். பிறகு சுரங்கத்தில் செம்பும் வெள்ளீயமும் தோண்டி, இரண்டையும் உருக்கி வெண்கலமாக்கி, ஒரு குத்துவாள் அடிக்க வேண்டும். ஆயுதம் கைக்கு வந்த பிறகுதான் சண்டை. அதுவும் யாரோடு? கூண்டுக்குள் இருக்கும் எலியோடு! பூதத்தோடு மோதுவதெல்லாம் ரொம்ப நாள் கழித்து.

இதில் நான் மெச்சுவது ஒன்று உண்டு. யாரும் நீளமாகப் பிரசங்கம் செய்வதில்லை. ஒரு பாடம், உடனே அதைக் கையால் செய்தாக வேண்டும். செய்து முடித்தால்தான் அடுத்த கதவு திறக்கும். அடுத்து யாரிடம் போக வேண்டும் என்பதை மஞ்சள் அம்பு ஒன்று காட்டும். பாடங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, தமிழில் கிடையாது. வீட்டிலும் பள்ளியிலும் தமிழே பேசிப் பழகிய சிறுவன் நீண்ட ஆங்கில வாசகத்தைக் கண்டால் படிக்காமலே அழுத்தித் தள்ளிவிடுவான். அம்புக்கு மொழி வேண்டாமே.

கொரியாவிலிருந்து 2002இல் வந்த 'ரக்னரோக்' இன்னொரு வழியைப் பிடித்தது. புதியவன் அடிப்படைத் திறமையை ஒன்பது படிகளாக ஏற வேண்டும். முதல் படியில்தான் பிறரோடு பண்டமாற்றம் செய்ய முடியும். மூன்றாம் படியில்தான் உட்காரவே முடியும்! சிரிக்காதீர்கள். உட்கார்ந்தால் இழந்த பலம் சீக்கிரம் திரும்பும், ஆகவே அதுவும் ஒரு பாடம்தான். ஒன்பதும் முடிந்த பிறகே வாள்வீரன், வில்லாளி, வணிகன் என்று ஒரு தொழிலைத் தேர்ந்தெடுக்க விடுவார்கள்.

ஆனால் தனியாகப் பழகுவது வேறு, நாலு பேரோடு சேர்ந்து வேலை செய்வது வேறு. கூட்டாகச் சண்டைக்குப் போகும்போது ஒருவன் முன்னே நின்று அடி வாங்க வேண்டும், ஒருவன் காயம் ஆற்ற வேண்டும், மற்றவர்கள் தாக்க வேண்டும். புதியவன் தடுமாறினால் முன்பின் தெரியாத பெரியவர்கள் வாய்க்கு வந்தபடி ஏசுவார்கள். பல பிள்ளைகள் முகம் சுண்டிப் போவது இங்கேதான். ஜப்பானின் 'ஃபைனல் ஃபேண்டசி 14' இதற்கு ஒரு வழி கண்டது. புதியவரின் பெயருக்குப் பக்கத்தில் பச்சை முளை ஒன்று தெரியும். இன்னும் நாற்று, பார்த்து நடத்துங்கள் என்பதன் அடையாளம் அது. 2016 முதல் ஒவ்வொரு பொறுப்பையும் தனியே பழகிப் பார்க்கப் பயிற்சிக்கூடமும் உண்டு. இவற்றையெல்லாம்விடச் சாமர்த்தியமான ஏற்பாடு இன்னொன்று. அந்தச் சண்டைக்கு முதன்முறை வருகிறவர் கூட்டத்தில் ஒருவர் இருந்தால், வென்றதும் எல்லோருக்கும் கூடுதல் பரிசு கிடைக்கும். புதியவனை எரிச்சலோடு பார்த்த பழைய ஆள் இப்போது அவனை வாவென்று அழைக்கிறார். வெறும் புத்திமதியால் வராத பொறுமை, போனஸ் என்றதும் வந்துவிடுகிறது, பாருங்கள்!

இனி, சொல்லாமல் விடுவதைப் பார்ப்போம். ரூன்ஸ்கேப்பில் நெடுங்காலமாக நடந்துவரும் மோசடி ஒன்று உண்டு. "உன் கவசத்துக்குப் பொன் கரை போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம், கொடு" என்று ஒருவன் இனிக்க இனிக்கப் பேசுவான். பிள்ளை கவசத்தைக் கொடுப்பான். வாங்கியவன் மறைந்துவிடுவான். பொன் கரை போடும் தொழிலே அந்த விளையாட்டில் கிடையாது. பல வாரம் உழைத்துச் சேர்த்த பொருள் போனால் பிள்ளை அழாமல் என்ன செய்வான்? கடவுச்சொல்லைக் கேட்டு வாங்குகிறவன் மொத்தத்தையுமே கொண்டுபோய்விடுவான்.

இதற்கும் அவர்கள் ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். 2006 ஜூலையில் ஒரு பாதாளக் கோட்டையைத் திறந்தார்கள். அதன் கதவுகள் கேள்வி கேட்கும். கடவுச்சொல்லை யாரிடம் சொல்லலாம்? நண்பன் கேட்டால் கொடுக்கலாமா? பிழையாகச் சொன்னால் ஏன் பிழை என்று விளக்கும். நான்கு தளங்களையும் கடந்தால் மொத்தம் 10,000 பொற்காசும் ஒரு ஜோடி சப்பாத்தும் பரிசு. அருமையான பாடம்தான். ஆனால் அது கட்டாயமில்லை! இறால் சுடுவது கட்டாயம், ரொட்டி சுடுவது கட்டாயம், ஏமாறாமல் இருப்பது மட்டும் அவரவர் விருப்பமாம். அந்தக் கதவுகளில் இரண்டையாவது பயிற்சித் தீவிலேயே வைத்திருக்க வேண்டும். பணத்தைப் பற்றிய பாடமும் அங்கேயே வேண்டும். எது விளையாட்டுக் காசு, எது அப்பாவின் சம்பளத்திலிருந்து கழியும் உண்மையான வெள்ளி என்பதை முதல் மணி நேரத்திலேயே பிள்ளைக்குப் புரியவைக்காத விளையாட்டு எனக்கு உடன்பாடில்லை.

அவர்களாக வைக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை, தாய்மார்களே. மகனோ மகளோ புதிதாகத் தொடங்கும் நாளில் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் காட்டு" என்று கேளுங்கள். தீவை விட்டு ஒருமுறை போனவர் திரும்பி வர முடியாது, ஆகவே அவசரப்பட விடாதீர்கள். வெளியே வந்ததும் லம்பிரிட்ஜ் என்ற ஊரில் நிற்பார்கள். அங்கிருந்து வடமேற்கே நடந்தால் காட்டுவீரர்கள் வாழும் ஒரு கிராமம் வரும். அந்தக் கோட்டைக்கு வழி அங்கேதான். உள்ளே மிருகங்கள் உண்டு. ஊருக்குத் தெற்கே சதுப்பில் வலை வீசி, பத்துப் பதினைந்து இறால் சுட்டு எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். காயம் பட்டால் தின்றுகொள்ளலாம்.