பேஸ் கிடாருக்கும் சொறி வரும்!

எந்த காலேஜ் பேண்டை வேண்டுமானாலும் எட்டிப் பாருங்க. கிடாரிஸ்ட்டுகள் அரை டஜன் பேர் இருப்பாங்க, ஆளுக்கொரு கிடாரோட. பேஸ் மட்டும் பெரும்பாலும் ஒண்ணே ஒண்ணுதான். அதுவும் பல இடத்துல மியூசிக் கிளப்போட பொதுச் சொத்து. காரணம் சிம்பிள். வீட்டுல தனியா உட்கார்ந்து கிடார் வாசிச்சா பெரியம்மா ரசிப்பாங்க. தனியா பேஸ் வாசிச்சா, ‘என்னடா, கிரைண்டர் ஓடுதா?’ன்னு கேட்பாங்க. அதனால சொந்தமா வாங்குறவங்க குறைச்சல். ஒரு பேட்ச் வாசிச்சு அடுத்த பேட்ச்சுக்குக் கொடுத்து, அவங்க அதுக்கடுத்த பேட்ச்சுக்குக் கொடுத்து, ஹாஸ்டல் பக்கெட் மாதிரி கைமாறிக்கிட்டே இருக்கும்.

அப்படி ஒரு பேஸ் உங்க கைக்கு வந்தால், வாசிக்கிறதுக்கு முன்னாடி திருப்பிப் போட்டு முதுகைப் பாருங்க. உள்ளங்கை அகலத்துக்குக் கன்னாபின்னான்னு கோடு, நடுநடுவே சின்னச் சின்னப் பள்ளம். வெள்ளைக்கார கிடாரிஸ்ட்டுகள் இதுக்கு வச்சிருக்கிற பேரு ‘பக்கிள் ராஷ்’. நம்ம பாஷையில பெல்ட் சொறி!

‘சவுண்டு மாறுமா பாஸ்?’னு கேட்டா, மாறாது. அதனாலதான் யாரும் கண்டுக்கறதில்லை. ஆனா, விலை மாறும். எங்க ஹாஸ்டல்ல ஃபைனல் இயர் அண்ணன் ஒருத்தர். டியூஷன் எடுத்து, காசு சேர்த்து, சொந்தமா பேஸ் வாங்கினவர். படிப்பு முடிஞ்சு சென்னையில் வேலை கிடைச்சதும், மேன்ஷன் அட்வான்ஸுக்காக அதை விற்க வேண்டிய நிலைமை. பேசின ரேட் 14,000 ரூபாய். வாங்க வந்தவர் வாசிச்சுப் பார்த்தார், தலையாட்டினார், அப்புறம் மெதுவா முதுகைத் திருப்பினார். 10,500-க்கு மேல ஒரு பைசா ஏறலை. அண்ணன் பேசாம பணத்தை எண்ணி வாங்கிக்கிட்டார். ஒரு பெல்ட் பக்கிளோட விலை 3,500 ரூபாய். அந்த பெல்ட்டே 200 ரூபாய்தான்.

இதுல கொடுமை என்னன்னா, அந்த பெல்ட்டை அவர் ஆசைப்பட்டுப் போடலை. டக்-இன், பெல்ட், ஷூ, கழுத்துல ஐடி கார்டுன்னு நம்ம இன்ஜினீயரிங் காலேஜ்கள்ல பல இடத்துல சட்டம் இருக்கு இல்லையா? கேட்டில் நிற்கிறவருக்கு பக்கிள் பளிச்சுனு தெரியணும். சாயங்காலம் பிராக்டீஸுக்கு அதே கோலத்துல ஓடிவந்து பேஸை மாட்டினா, சுமார் நாலு கிலோ மரம் அந்த இரும்பு மேல போய் உட்காரும். பாட்டுக்குத் தகுந்த மாதிரி ஆடினா கேட்கவே வேண்டாம், உப்புக் காகிதம் போட்டுத் தேய்க்கிற மாதிரிதான்.

கொஞ்சம் கிளாஸ் ரூமுக்குப் போவோம் (ரெண்டே நிமிஷம், அட்டெண்டன்ஸ் கிடையாது). மோஸ் கடினத்தன்மை அளவுகோல் ஞாபகம் இருக்கா? விரல் நகம் சுமார் 2.5, பித்தளை சுமார் 3. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. பெயின்ட் படலத்தை இப்படிக் கல்லோட ஒப்பிடுறதில்லை. அதுக்குப் பென்சில் டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு. 6பி-யில் ஆரம்பிச்சு 6ஹெச் வரைக்கும் பென்சில்களை வச்சு இழுத்து, எது கீறுதுன்னு பார்ப்பாங்க. பென்சிலுக்கே பதில் சொல்ல வேண்டிய படலம், மணலுக்கு என்ன பதில் சொல்லும்? அதனால பருத்திச் சட்டை பேஸைக் கீறாது. ஃபுட்போர்டுல தொங்கிட்டு வந்த பருத்திச் சட்டை கீறும். துணி நூலுக்குள்ள மாட்டியிருக்கிற தூசிதான் வில்லன். கறுப்பு பளபளா பேஸை ட்யூப் லைட்டுக்கு நேரா சாய்ச்சுப் பிடிங்க. சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் தெரியுதா? அதுல நிறைய இந்தத் தூசி போட்டதுதான். துடைக்கிறப்போ காய்ஞ்ச துணியால அழுத்தித் தேய்க்காம, முதல்ல தூசியைத் தட்டிவிட்டு, அப்புறம் மைக்ரோஃபைபர் துணியால லேசா ஒத்தி எடுக்கணும்னு சொல்றது அதனாலதான்.

அடுத்த குற்றவாளி ஜீன்ஸ். பாக்கெட் மூலையில செம்பு ரிவெட் அடிக்கிற ஐடியாவுக்கு ஜேக்கப் டேவிஸும் லீவை ஸ்ட்ராஸும் 1873-ல் பேடன்ட் வாங்கினாங்க. பின் பாக்கெட் ரிவெட் நாற்காலியையும் குதிரைச் சேணத்தையும் கீறுதுன்னு ஜனங்க புலம்பினதால, 1937-ல் லீவைஸ் கம்பெனி அதைத் துணிக்குள்ள மறைச்சது. 1966-ல் மொத்தமா எடுத்துட்டு தையல் போட்டுட்டாங்க. முன் பாக்கெட் ரிவெட்டை மட்டும் யாரும் தொடலை. அது சோபாவை உரசாது, பேஸைத்தான் உரசும். நம்ம சார்பா புலம்ப அன்னிக்கு ஆள் இல்லை போல!

ஸ்ட்ராப்பை எவ்வளவு இறக்கி மாட்டுறீங்க என்பதும் முக்கியம். மார்பு வரைக்கும் ஏத்தி மாட்டினா சட்டை பட்டன் உரசும். தொடை வரைக்கும் இறக்கினா ஜிப், ரிவெட். நடுவுல மாட்டினா பக்கிள். ஐடி கார்டு கயிறு பத்தித் தனியா சொல்லணும். அது உடம்புக்கும் பேஸுக்கும் நடுவுல தொங்கும். கார்டு பிளாஸ்டிக்தான், ஆனா அதைக் கோத்திருக்கிற கொக்கி இரும்பு. சட்டைப் பையில் செருகினாலும், அங்கே ஏற்கெனவே பேனா கிளிப் இருக்கும். கழற்றி பேக்-ல போடுங்க, சிம்பிள். வலது கை காப்பையும் கழற்றணும். அந்தக் கை பேஸ் மேலேயே சாய்ஞ்சிருக்கிறதால, முன்பக்கக் கீறல் அங்கிருந்துதான் வரும். டான்ஸ் ப்ரோகிராம் முடிச்சு அதே காஸ்ட்யூமில் மேடையேறுறவங்க கவனத்துக்கு: சம்கி, கல் வச்ச குர்தா, துப்பட்டா ஊக்கு எல்லாமே ஆயுதங்கள்தான்.

பெல்ட்டுக்கு வழி? பக்கிளை இடுப்புப் பக்கவாட்டுக்குத் தள்ளிடலாம். பல பேஸிஸ்ட்டுகள் செய்றது இதைத்தான். இல்லேன்னா சட்டையை வெளியே எடுத்துவிட்டு பக்கிள் மேல மூடுங்க (காலேஜ் டைம் முடிஞ்ச பிறகு!). ஜோடி தொலைஞ்ச ஒத்தை சாக்ஸ் ஹாஸ்டல்ல எல்லார்கிட்டேயும் இருக்கும். முனையை வெட்டி பக்கிள் மேல குழாய் மாதிரி மாட்டிக்கலாம். கிண்டல் பண்ணுவாங்க, பண்ணட்டும். 1950-களில் எல்விஸ் பிரெஸ்லியே தன்னோட மார்ட்டின் கிடாருக்குத் தோல் சட்டை போட்டு மேடையேறியவர்தான்.

முதுகில் ஒட்டுற பிளாஸ்டிக் ஃபிலிம் கடையில கிடைக்குது. வாங்கறதுக்கு முன்னாடி உங்க பேஸில் என்ன ஃபினிஷ்னு தெரிஞ்சுக்கோங்க. இப்போ நாம வாங்குற விலையில் வர்ற பேஸ்கள் பெரும்பாலும் பாலியூரித்தேன் அல்லது பாலியஸ்டர். கெட்டியான படலம், கொஞ்சம் தாங்கும். பழைய கிடார்களிலும், காஸ்ட்லி மாடல்கள் சிலதிலும் இருக்கிறது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். அது மெல்லிசு. வினைல், சிலவகை ரப்பர் பட்டாலே மென்மையாகிக் கறை பிடிக்கும். அதுக்கு ஃபிலிம் ஒட்டினா, பாதுகாப்பே வினையாயிடும். ரப்பர் ஸ்டாண்டுல மாசக்கணக்கா நிறுத்தி வைக்கவும் கூடாது. மேட் ஃபினிஷ்ல வேற தலைவலி. தேய்ச்ச இடம் பளபளன்னு ஆயிடும், அந்தப் பளபளப்பைத் திரும்ப மங்க வைக்கிறது கஷ்டம். ‘பாலிஷ் போட்டுத் தரேன்’னு யாராவது வந்தா கும்பிடு போட்டு அனுப்பிடுங்க.

பளபளா ஃபினிஷ்ல ஏற்கெனவே கீறல் விழுந்திருந்தா, நகத்தை குறுக்கே இழுத்துப் பாருங்க. நகம் மாட்டலைன்னா, மெல்லிய பாலிஷிங் காம்பவுண்டுல குறைக்கலாம். மாட்டினா ஆழமான கீறல். தேய்க்கத் தேய்க்க சுத்தி இருக்கிற படலம்தான் தேயும், விட்டுடுங்க. இன்னொண்ணு, ஸ்ட்ராப்பை சுருட்டி அப்படியே பையில திணிக்கிறீங்களே, அதுல இருக்கிற இரும்பு அட்ஜஸ்டர் பஸ் குலுங்குறப்ப எல்லாம் உழும். கழற்றித் தனிப் பாக்கெட்டில் போடுங்க.

‘கீறல்தான் மச்சி கெத்து’ன்னு ஒரு கோஷ்டி இருக்கு. அவங்க சொல்றதுலயும் நியாயம் இல்லாம இல்லை. ரோரி கல்லகரோட 1961 மாடல் ஸ்ட்ராடோகாஸ்டர்ல பெயின்ட்டே கொஞ்சம்தான் மிச்சம். அந்த அழகுக்காகவே, புதுசை வேணும்னே பழசாக்கின ‘ரெலிக்’ கிடார்களை ஃபெண்டர் 1995-லிருந்து அதிக விலைக்கு விற்குது. ஆனா, ரோரியோடது ரோரி தேய்ச்சது. எங்க கிளப் பேஸை அடுத்த வருஷம் எடுக்கப்போறது இப்போ ஃபர்ஸ்ட் இயர்ல இருக்கிற ஒரு பொண்ணு. அப்பா ஜெராக்ஸ் கடை வச்சிருக்கார். சொந்தமா பேஸ் வாங்குற பேச்சுக்கே இடமில்லை. லன்ச் பிரேக்குல ஆம்ப் கூட இல்லாம, காதை மரத்துல வச்சுக்கிட்டுப் பயிற்சி பண்ணுது. அதுக்கு நாலு பேட்ச் பசங்களோட பெல்ட் வரலாறு எதுக்கு? அது தேய்க்க வேண்டியதை அதுவே தேய்ச்சுக்கட்டும்.

நான் பார்த்த வரைக்கும் பேஸுக்கு உலகத்திலேயே தோதான டிரஸ் வேட்டிதான். பக்கிள் இல்லை, ஜிப் இல்லை, ரிவெட் இல்லை. பொங்கல் விழாவுல வேட்டி கட்டி வாசிச்ச அன்னிக்கு ஒரு கோடு விழலை. ஒரே ஒரு பிரச்னை, ரெண்டு கையும் பேஸ்ல இருக்கிறப்போ வேட்டி நழுவினா பிடிக்க ஆள் இல்லை. வெல்க்ரோ வச்சதா பார்த்து வாங்குங்க. சொரசொரப்பான பக்கம் வெளியே தெரியாம, முழுசா அழுத்தி ஒட்டியிருக்கான்னு மேடையேறுமுன் ஒருமுறை தடவிப் பாருங்க!