பக்கத்து ஊர் ஸ்டீல்!

அயர்ன்-கார்பன் டயக்ராம் போட்டே பென்சில் தேய்ஞ்ச மெக்கானிக்கல் மக்களே, ஒரு கேள்வி. டமாஸ்கஸ் வாளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த 'ஊட்ஸ்' ஸ்டீல் எங்கே தயாராச்சு? ஷெஃபீல்டுன்னு சொன்னா முட்டை மார்க்!

நம்ம தென்னிந்தியாவுலதான் பாஸ். கரன்ட் புகழ் ஃபாரடேயே 1819-ல அதோட ரகசியம் தேடி மண்டை காய்ஞ்சிருக்கார்.

அது தயாரான இடங்கள்ல ஒண்ணு, கல்வராயன் மலைக்குக் கிழக்கே, சங்கராபுரம் பக்கம் இருக்கிற மேல்சிறுவள்ளூர். அங்கே கிடந்த உடைஞ்ச மண் மூசைகளை ஆராய்ஞ்ச சாரதா ஸ்ரீனிவாசன், உள்ளே ஒட்டியிருந்தது அதிக கார்பன் கொண்ட எஃகுன்னு 1994-ல எழுதினார்.

டெக்னிக் சிம்பிள். உமி கலந்த களிமண்ணுல மூசை. உள்ளே இரும்பும் கரிப்பொருளும். வாயை மூடி, உலையில மணிக்கணக்கா காய்ச்சினா, இரும்புல கார்பன் ஏறும். சுமார் 1.5 சதவீதம். லேப் இல்லை, தெர்மாமீட்டர் இல்லை, கண்ணும் கையும்தான்!

யோசிங்க... இவ்வளவுக்கும் சாட்சி வாள் இல்லை, கல்வெட்டு இல்லை. வெறும் ஓட்டாஞ்சல்லி! குப்பைன்னு யாராவது ஜேசிபியால வாரியிருந்தா கதையே காலி.

அதனால, உங்க ஊர்ல கறுப்புக் கசடும் கருகின மூசைத் துண்டும் கிடந்தா எத்தி விளையாடாதீங்க. எடுத்துட்டும் வராதீங்க. போட்டோ எடுத்து, தொல்லியல் துறைக்குச் சொல்லுங்க. அது நம்ம சீனியர்ஸோட லேப் ரெக்கார்டு!