தூரம் மாறாதபோது டிடிஎல் எதற்கு?

பூச்சிகளைப் பெரிதாக்கி மேக்ரோ படமெடுக்க லென்ஸைக் கழற்றித் திருப்பி ரிவர்ஸ் ரிங்கில் மாட்டியதுமே அதற்கும் கேமராவுக்கும் இருந்த பேச்சு நின்றுபோகிறது. எஃப் எண் தெரியவேண்டிய இடத்தில் கேனான் 00 காட்டும். நிக்கான் இரண்டு கோடு போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதைப் பார்த்தவுடன், ஃபிளாஷையாவது, லென்ஸ் வழியாக ஒளியை அளந்து தானே அளவை முடிவுசெய்யும் டிடிஎல்லில் விட்டுவைப்போம், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளட்டும் என்று பலருக்கும் தோன்றுகிறது. அது பிசகு என்பதே இங்கே நம் வாதம். ஃபிளாஷை மேனுவலில் வைத்துப் படமெடுக்க, திருப்பி மாட்டிய லென்ஸைவிடத் தோதான ஏற்பாடு அதிகம் இல்லை.

டிடிஎல் எதற்காக வந்தது? கல்யாண மண்டபத்தில் மணமக்கள் 2 மீட்டரில் நிற்பார்கள். அடுத்த படத்தில் சொந்தக்காரர்கள் 5 மீட்டரில். தூரம் மாற மாற ஃபிளாஷின் அளவும் மாறியாக வேண்டும். திருப்பி மாட்டிய லென்ஸில் அந்தச் சிக்கலே கிடையாது. நிக்கான் எஃப் மவுண்ட்டில் லென்ஸ் உட்காரும் விளிம்பிலிருந்து சென்சர் 46.5 மி.மீ. தள்ளி இருக்கிறது. முடிவிலியில் வைத்த லென்ஸைத் திருப்பினால், முன்பு சென்சர் இருந்த பக்கத்தில் இப்போது பூச்சி இருக்கிறது, அந்த 46.5 மி.மீ.க்குக் குறைந்து அது கிட்டே வரவே முடியாது. 28 மி.மீ. லென்ஸ் சுமார் 2 மடங்கு பெரிதாக்கும்போது பூச்சி ஏறக்குறைய 6 செ.மீ. தள்ளி இருக்கும். ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினாலும் பெரிய மாற்றம் வராது. உடம்பை முன்னும் பின்னும் அசைத்துத்தான் ஃபோகஸ் பிடிக்கிறோம். ஆக, தெளிவாக விழுந்த எந்தப் பூச்சியும் அதே 6 செ.மீ.யில் இருந்ததுதான். ஃபிளாஷும் டிஃப்யூசரும் கேமராவோடு இறுக்கிக் கட்டப்பட்டிருந்தால் ஒவ்வொரு பூச்சியின் மேலும் விழுவது ஒரே அளவு வெளிச்சம். ஒருமுறை சோதித்து முழுச் சக்தியில் 1/16 பங்கு சரியென்று கண்டுபிடித்துவிட்டால், அபெர்ச்சர் துளையும் ஐஎஸ்ஓவும் மாறாதவரை நாள் முழுக்க 1/16தான்.

டிடிஎல் இந்த நிலையான ஏற்பாட்டைக் கலைத்துவிடுகிறது. தும்பைப் பூவில் ஏறும் கட்டெறும்பை எடுங்கள்: வெள்ளை இதழ் சட்டத்தை நிறைத்தால் ஃபிளாஷ் அடங்கிப்போய் எறும்பு கரிக்கட்டையாகும். அதே எறும்பு தண்டுக்கு இறங்கி, பின்னால் வெறும் இருட்டு வந்தால் ஃபிளாஷ் மிஞ்சிப்போய்த் தண்டு வெளிறும். எறும்பின் மேல் விழவேண்டிய வெளிச்சமோ இரண்டு படத்திலும் ஒன்றுதான். ஃபோகஸ் ஸ்டாக்கிங் செய்பவர்களுக்கு இது இன்னும் தலைவலி. அடுக்கவேண்டிய இருபது படங்களும் இருபது விதமாக வந்து நிற்கும்.

இதற்குச் சொல்லப்படும் மறுப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. லென்ஸ் வழியாக அளப்பதால், பெரிதாக்கும்போது குறையும் ஒளியையும் சேர்த்தே டிடிஎல் கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்பார்கள். உண்மைதான். 1975இல் வந்த ஒலிம்பஸ் ஓஎம்-2 ஷட்டர் திறந்திருக்கும்போதே ஃபிலிமில் பட்டுத் தெறிக்கும் ஒளியை அளந்து ஃபிளாஷை நிறுத்தியது; மேக்ரோக்காரர்கள் அதைக் கொண்டாடியதில் வியப்பில்லை. டிஜிட்டலில் சென்சரின் மேற்பரப்பு ஃபிலிம்போல ஒளியைப் பரப்பித் தெறிக்கவைப்பதில்லை. அதனால் முன்கூட்டியே ஒரு சிறு மின்னலை அடித்துப் பார்த்து, அதை வைத்து ஊகிக்கும் முறை வந்தது. இரண்டுக்கும் குறை ஒன்றே: எவ்வளவு ஒளி திரும்பி வந்தது என்று தெரியும், திருப்பி அனுப்பியது கறுப்பா வெள்ளையா என்று தெரியாது.

ஒளி குறைவதை நாமே கணக்குப் போடுவதும் மலையைப் புரட்டும் வேலையல்ல. குறித்த எஃப் எண்ணை, பெரிதாக்கலோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும். 2 மடங்கில் எஃப்/8 என்பது நடைமுறையில் எஃப்/24. ஒளி ஒன்பதில் ஒரு பங்காகிறது, மூன்று ஸ்டாப்புக்குச் சற்று மேல். அகலக்கோண லென்ஸில் இதுவும் துல்லியமல்ல. அப்படி ஒரு லென்ஸைக் கையில் எடுத்து முன்னாலும் பின்னாலும் பாருங்கள். பின்புறத்திலிருந்து துளை பெரிதாகத் தெரியும். ஒன்றரை மடங்கு பெரிதாகத் தெரிந்தால், திருப்பி மாட்டும்போது எஃப்/24க்குப் பதில் எஃப்/21 அளவில் நிற்கும். சூத்திரம் தொடங்க ஓர் இடம் தரும், அவ்வளவே. தீர்ப்பு சோதனைப் படத்தில்தான். எஃப்/16க்குப் போகும் ஆசையை இதே கணக்கு அடக்கிவிடும். எஃப்/48இல் ஒரு புள்ளி சென்சரில் சுமார் 64 மைக்ரான் அகலத்துக்குப் பரவும். ஏபிஎஸ்-சி 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு பிக்சல் 4 மைக்ரான்தான்.

மேனுவலுக்கு வரும் உண்மையான இடைஞ்சல்கள் வேறு. முதலாவது துளை. நிக்கானின் ஜி வகை லென்ஸைக் கழற்றினால் ஸ்பிரிங் துளையை மிகச் சிறிதாக்கிவிடும். நெம்புகோலில் காகிதத் துண்டைச் செருகிப் பிடித்து வைத்தால் நேற்றைய துளை இன்று கிடைக்காது. துளை மாறினால் நம் வாதமே ஆட்டம் கண்டுவிடும். அபெர்ச்சர் வளையமுள்ள பழைய லென்ஸ்தான் இதற்குச் சரி. கேனான் இஎஃப் என்றால், எஃப்/8 வைத்து டெப்த் பிரிவ்யூ பொத்தானை அழுத்தியபடியே கழற்றினால் துளை அப்படியே நிற்கும்.

இரண்டாவது வெயில். ஃபிளாஷ் மட்டுமே படத்தை உண்டாக்குகிறது என்ற நம்பிக்கை நிழலில் சரி. நேர் வெயிலில் ஐஎஸ்ஓ 200, 1/200 நொடிக்குச் சரியான துளை எஃப்/16; நம்முடையது எஃப்/24. ஒரு ஸ்டாப் சொச்சம்தான் வித்தியாசம், அதாவது வெயில் மட்டுமே பாதிக்குக் கொஞ்சம் குறைவான எக்ஸ்போஷரைப் போட்டுவிடுகிறது. நிக்கான் எஸ்பி-800 ஃபிளாஷ் முழுச் சக்தியில் 1/1050 நொடியும் 1/16இல் 1/10900 நொடியும் மின்னும். அந்த வேகத்தில் எறும்பின் கொம்பு உறைந்து நிற்கும். ஆனால் 1/200 நொடி முழுக்க வெயில் வரைந்த இரண்டாவது கொம்பு பக்கத்திலேயே மங்கலாகத் தெரியும். சக்தி அளவைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பூச்சியின் மேல் கையால் நிழல் பிடித்தால் போதும், அந்த இரண்டாவது கொம்பு மறைந்துவிடும்.