எச்சம் அறிந்த பிள்ளைக்கு பார்ட்டிசிபிள் புதிதல்ல

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஆங்கில ரியூஷன் வகுப்புகளுக்குக் குறைவில்லை. சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலம் கட்டாயப் பாடம் என்பதால் பெற்றோரின் பதற்றம் நியாயமானதே. ஆனால் பார்ட்டிசிபிள் என்ற பகுதியை 'ஐஎன்ஜி', 'ஈடி' விகுதிகளின் பட்டியலாக மனப்பாடம் செய்விப்பது, அந்தப் பிள்ளைக்கு இலக்கணமே தெரியாது என்று எண்ணிக்கொள்வதாகும். பார்ட்டிசிபிளுக்கு இணையான வினையெச்சமும் ('நடந்து') பெயரெச்சமும் ('எழுதிய') தமிழ்ப் பாடத்தில் உள்ளவைதாம். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல், பெயரெச்சத்தை 'ரிலேட்டிவ் பார்ட்டிசிபிள்' என்றே அழைத்தார். அந்த வழியாகவே நாமும் ஆங்கிலத்துக்குள் போகலாம்.

'வோக்கிங் அலோங் கோல் ரோட், த ரெயின் ஸ்டார்டட்' என்பது பிழையான வாக்கியம், நடந்தது மழையல்ல. 'காலி வீதியில் நடந்து மழை தொடங்கியது' என்று எந்தத் தமிழ்ப் பிள்ளையும் சொல்லாது. 'நடந்துகொண்டிருந்தபோது' என்றே சொல்லும். செய்து என்னும் வாய்பாட்டு எச்சம் அதே வினைமுதலின் வினையைக் கொண்டு முடிய வேண்டுமெனத் தொல்காப்பியம் வினையியலில் வகுத்த விதி இன்னும் நம் வாயில் இருக்கிறது. 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்கிறோமே என்று தமிழாசிரியர் ஒருவர் மறிக்கலாம். அங்கே எச்சத்துக்குரிய எழுவாய் வெளிப்படையாகவே நிற்கிறது. ஆங்கிலமும் அப்படி எழுவாயோடு வரும் பார்ட்டிசிபிளைத் தடுப்பதில்லை. இரு மொழியிலும் இடறுவது, எழுவாய் சொல்லப்படாத எச்சம் அந்நியப் பெயரில் போய் ஒட்டிக்கொள்ளும்போதுதான்.

உண்மையான சிக்கல் பெயரெச்சத்தில் இருக்கிறது. 'எழுதிய' என்பது மாணவி, கடிதம், பேனா, நாள் என எதனோடும் சேரும். இப்படி முடியும் பொருள்களை நன்னூல் ஆறாக எண்ணுகிறது. ஆங்கிலம் அவ்வளவு தாராளமானதல்ல. செய்பவருக்கு 'ரைட்டிங்', செய்யப்பட்டதற்கு 'ரிட்டன்', பேனாவுக்கு இரண்டும் உதவாது. 'ஐ ஆம் இன்டரஸ்டிங்' என்று பிள்ளை எழுதுவது இதனாலேயே, சோம்பலால் அல்ல. 'அலுப்பூட்டும் பாடம்', 'அலுத்துப்போன மாணவன்' என்று தமிழ் வினைச்சொல்லையே மாற்றிக் காட்டும் வேறுபாட்டை ஆங்கிலம் விகுதியில் காட்டுகிறது. இதை ஒருமுறை தெளிவாகச் சொன்னால், பயிற்சித்தாள்கள் பாதியாகக் குறையும் என்பது என் கணிப்பு.

ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே கற்பிக்க வேண்டும், தமிழை நுழைத்தால் மொழிபெயர்க்கும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். கேட்கவும் பேசவும் பழக்குவதில் அது சரி. பார்ட்டிசிபிளில் அப்படியல்ல: பிள்ளை ஏற்கெனவே மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டுதான் இருக்கிறது, இரு மொழிகளும் எங்கே பிரிகின்றன என்று சொல்லாமல் விடுவதே அந்தப் பழக்கத்தை வளர்க்கிறது. ஆங்கில மூலம் படிக்கும் கொழும்புப் பிள்ளைகளுக்கு எச்சத்தின் பெயர்கூடத் தெரியாது என்பது வலுவான மறுப்பு. ஆனால் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்குப் பெயர் தெரியாவிட்டாலும் பிரயோகம் தெரியும். 'நடந்து மழை தொடங்கியது' என்றால் அதுவும் சிரிக்கும். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே ஓய்வறையில்தான் இருக்கிறார்கள். எச்சம் எந்தத் தவணையில், பார்ட்டிசிபிள் எந்தத் தவணையில் என்று பேசிக்கொள்ள அமைச்சின் சுற்றறிக்கை வேண்டியதில்லை.