குடி கெடுப்பது ஈரலை மட்டுமா?

"குடிச்சா ஈரல் வெந்துடும்" என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் கணையம் என்று ஒன்று இருப்பதும், குடி அதையும் விட்டுவைக்காது என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பழவேற்காடு ஏரியை நம்பிப் பிழைக்கும் எங்கள் குப்பங்களில், குடிக்கிற ஆம்பளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டால் "வாய்வு" என்று சொல்லி, ஓமத்தண்ணியோ சோடாவோ கொடுத்துப் படுக்க வைப்பதுதான் வழக்கம். அதனால்தான் இந்தக் கடிதம்.

கணையம், இரைப்பைக்குப் பின்னால் ஒரு சாணுக்கும் குறைவான நீளத்தில் இருக்கிற உறுப்பு. அதற்கு வேலை இரண்டு. ஒன்று, செரிமானம். தினமும் ஒரு லிட்டருக்கு மேல் நீர் சுரந்து சிறுகுடலுக்கு அனுப்புகிறது. நாம் சாப்பிடும் சோறு, மீன், எண்ணெய் எல்லாவற்றையும் செரிக்க வைப்பது அந்த நீர்தான்.

இரண்டாவது, ரத்தத்தில் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது. நம்ம ஏரிக்குள்ளே இரக்கம் தீவு இருக்கிற மாதிரி, கணையத்துக்குள்ளே குட்டிக் குட்டித் திட்டுகள் இருக்கின்றன. 1869-ல் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்ததால் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். சாப்பிட்டதும் ஏறுகிற சர்க்கரையை இன்சுலின் சுரந்து இறக்குவதும், பட்டினியில் இறங்குகிற சர்க்கரையைக் குளுக்ககான் சுரந்து ஏற்றுவதும் இந்தத் திட்டுகள்தான்.

குடி இங்கே என்ன செய்கிறது? சின்ன மீனைக் குடல் எடுக்காமல் வெயிலில் வைத்தால் வயிறு வெடித்துக் குழைந்து போகிறதல்லவா? அதன் செரிமான நீரே அதன் சதையைக் கரைத்துவிடுகிறது. அது மாதிரிதான் இதுவும். சிறுகுடலுக்குப் போன பிறகு வேலையைத் தொடங்க வேண்டிய நீர், கணையத்துக்குள்ளேயே தொடங்கி அதையே அரிக்கிறது. மேல் வயிற்றில் தாங்க முடியாத வலி எடுத்து முதுகு வரை போகும். வாந்தி நிற்காது. இது உயிருக்கே ஆபத்து. சோடா கொடுத்து நேரத்தைக் கடத்தாமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

திரும்பத் திரும்ப இப்படி வந்தால் இரண்டு வேலையும் கெடும். எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பு இளைக்கும். மலம் எண்ணெய்ப் பசையோடு மிதக்கும். பிறகு சர்க்கரை வியாதியும் வரும். பலருக்கு இன்சுலின் ஊசியே கதி. குடியோடு பீடியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கெட்டுப்போன கணையம் பழையபடி ஆகாது. ஆனால் குடியை அடியோடு விட்டால் மேலும் கெடுவதைக் குறைக்கலாம்.

குடிக்காத பெண்களும் அசட்டையாக இருக்கக் கூடாது. பித்தப்பைக் கல் நகர்ந்து வழியை அடைத்தாலும் இதே வலி வரும். அந்தக் கல் பெண்களுக்குத்தான் அதிகம்.

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது. நல்ல விஷயம்தான். மாத்திரை கொண்டுவரும் சகோதரிகள், குடிக்கிறவர் இருக்கிற வீட்டில் கணையத்தைப் பற்றியும் ரெண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் புண்ணியமாகப் போகும். அரசு இதையும் அவர்கள் வேலையில் சேர்க்க வேண்டும். வலையில் ஒரு கண்ணி அறுந்தால் அன்றைக்கே உட்கார்ந்து முடிகிற நாம், வீட்டு மனுஷன் வயிற்று வலியை நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று தள்ளிப் போடலாமா?

- ஒரு மீனவக் குடும்பத்து இல்லத்தரசி, பழவேற்காடு.